கணக்குத் தாள் யாருடைய பங்கு

எனக்கு எழுதத் தெரியாது. மற்றவர்கள் எழுதியதைத் தட்டத்தான் தெரியும். இதை எத்தனை தரம் சொன்னாலும் துஷாந்தி கேட்கிறாள் இல்லை. கணினி நிலையத்தில் நான் இருந்த கதிரையில் இப்போது இருக்கிற பிள்ளை அவள். போன கிழமை கைபேசியும் கையுமாக என் வீட்டுக்கு வந்தாள். முகத்தைப் பார்த்தால் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது.

“அம்மம்மா, நம்மட பொதிக்கு ஆபத்தாம்.”

“எந்தப் பொதி? அரிசிப் பொதியா, மாப் பொதியா?”

“பகிடி விடாதீங்க. கணினிப் பொதி. அத ஆக்கிற வெளிநாட்டுக்காரங்க தங்களுக்குள்ள சண்டை பிடிச்சி ரெண்டாப் பிரியிறாங்களாம். இனி அது நடக்குமோ நிக்குமோ தெரியாதாம்.”

அவள் சொன்ன பொதி கந்தோர் வேலைக்கான, அலுவலக வேலைக்கான, மென்பொருள். கடிதம் எழுத ஒன்று, கணக்குப் போடும் தாள் ஒன்று, சுவரில் படம் காட்ட ஒன்று, எல்லாம் சேர்ந்தது ஒரு பொதி. காசு கொடுத்து வாங்குகிற பொதியும் உண்டு. இது இலவசம். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், யாரும் யாருக்கும் கொடுக்கலாம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து ஆக்குகிறார்கள். அதன் பட்டியல்களிலும் பொத்தான்களிலும் இருக்கிற தமிழில் ஒரு பகுதி இந்த வாவிக் கரையில் ஆனது. அந்தத் தமிழைத் தட்டியது என் பத்து விரல்.

பழைய ஆட்களின் அனுபவத்தை நிலையத்தின் இணையப் பக்கத்தில் போடப்போகிறார்களாம். “நாலு நல்ல வார்த்தை எழுதுங்க அம்மம்மா, அதப் பாத்தாவது சனம் யோசிக்கும்” என்றாள். நல்ல வார்த்தை வேண்டி என்னிடம் வந்தது அவளுடைய பிழை. எனக்கு அந்தப் பொதி என்றால் யோகம் என்ற பிள்ளைக்கு வேலை போன கதைதான் நினைவுக்கு வருகிறது. அதைத்தான் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அழித்துவிடட்டும், அழிக்கிற பொத்தான் எது என்று அவளுக்குத் தெரியும்.

ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. நீதிமன்றத்துக்கு முன்னால் தட்டச்சுக் கடை வைத்திருந்த சித்தப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் இயந்திரத்துக்கு முன்னால் இருத்தினார். “விளங்கத் தேவையில்ல, எழுத்துத் தெரிஞ்சாக் காணும்” என்றார். அப்படியே பல வருசம் சனங்களின் காணி வழக்கையும் கலியாண முறிவையும் விளங்காமல் தட்டினேன். பிறகு சண்டை வந்தது, கடல் ஊருக்குள் வந்தது. இரண்டும் கொண்டுபோனது போக மிஞ்சியவர்களுக்கு உதவி செய்கிறோம் என்று வெளிநாட்டு ஆட்கள் வாவிக் கரையில் ஒரு கணினி நிலையம் கட்டினார்கள். தமிழ்த் தட்டச்சு தெரிந்த ஆள் தேவை என்றார்கள். போனேன்.

நிலையத்தின் பணிப்பாளர் அரசரெத்தினம் சேர். கச்சேரியில், அதுதான் அரசாங்க அதிபர் அலுவலகத்தில், இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவருடைய தகப்பனும் தகப்பனின் தகப்பனும் கோயில் வண்ணக்கர்மார். எங்கள் பக்கத்தில் கோயிலை நடத்துகிற பொறுப்பாளரை வண்ணக்கர் என்போம். சேருக்குக் கோயில் கிடைக்கவில்லை, கணினி நிலையம் கிடைத்தது. அவர் அதையும் கோயிலாகத்தான் நடத்தினார். கணினி அறைக்குள் செருப்போடு போக முடியாது. காலையில் வந்ததும் ஒவ்வொரு கணினியையும் வெள்ளைத் துணியால் தானே துடைப்பார். கதிரையில் இருக்க முன் சட்டைப்பைக் கைலேஞ்சியை விரித்து, உடுப்பின் மடிப்புக் கலையாமல் அதன்மேல் இருப்பார். குரல் உயர்த்தி ஒரு நாளும் கேட்டதில்லை. யார் என்ன முறைப்பாடு கொண்டு வந்தாலும் கடைசிச் சொல் வரைக்கும் கேட்பார். கேட்டு முடிய, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, “பாப்பம்” என்பார். அந்தப் “பாப்பம்” வந்தால் காரியம் முடிந்தது என்று எழும்பிப் போகலாம். அதற்குப் பிறகு ஒருவரும் எதையும் பார்த்ததில்லை.

ஆனால் பொய் சொல்லக்கூடாது, அந்தப் பொதிக்குத் தமிழ் வந்ததே அவரால்தான். முதலில் மொழிபெயர்க்க வாருங்கள் என்று ஊரெல்லாம் அறிவித்தார். ஒரு காகமும் வரவில்லை. வெளிநாட்டில் யாரோ செய்கிறான், இலவசமாக வருகிறது, நமக்கென்ன என்று இருந்தார்கள். அப்போதுதான் சேருக்குக் கோயில் புத்தி வேலை செய்தது.

எங்கள் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடிக்கு, தாய்வழி வந்த ஒரு வம்சத்துக்கு, உரியது. அந்த நாளுக்கான பூவும் எண்ணெயும் மேளமும் அந்தக் குடியின் செலவு. பெருமையும் அந்தக் குடிக்கே. மற்றக் குடியார் அதில் விரல் வைக்க முடியாது. வைத்தால் வழக்கு, வழக்குக்கு மேல் அடி. பூசை முடிய வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம் வைத்த தாம்பாளத்தைக் குடித் தலைவரின் கையில் கொடுப்பார்கள். அதுதான் காளாஞ்சி. அதற்காக ஆட்கள் ஒரு வருசம் முழுக்கக் காத்திருப்பார்கள்.

சேர் பொதியை அப்படிப் பங்கு பிரித்தார். கடிதம் எழுதுகிற பகுதி வாவி மீனவரின் துறைக் குழுவுக்கு. கணக்குத் தாள் வயல்காரரின் வட்டைக் குழுவுக்கு, வட்டை என்றால் வயல்வெளி. படம் காட்டுகிற பகுதி ஏறாவூரில் இருந்து வருகிற நெசவுக் குழுவுக்கு. “இது உங்கட பங்கு. வேற ஆரும் தொட மாட்டாங்க. சபையில காளாஞ்சியும் உங்களுக்குத்தான்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருக்க இடமில்லை.

வேலை நடந்த விதத்தைச் சொல்லுகிறேன், துஷாந்திக்குத் தெரியாது. வெளிநாட்டில் இருந்து வாக்கியங்கள் வரும். சேர் அவற்றைத் தாளில் அடித்து மூன்று குழுவுக்கும் கொடுப்பார். ஒவ்வொரு குழுவிலும் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் இருப்பார். அவர் வாசித்து, இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று சொல்லுவார். மற்றவர்கள் அதற்குத் தமிழ் சொல்லுவார்கள். செய்ததை இல்லாமல் ஆக்குகிற பொத்தானுக்குத் துறைக் குழுவில் ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை நடந்தது. கந்தன் என்ற மீனவர் எழும்பி, “எண்ட பெண்சாதிக்கு ஏசிப்போட்டு நான் தேடுறதும் இந்தப் பொத்தானத்தான், எங்க கிடைக்கும் எண்டு கேட்டுச் சொல்லுங்க” என்றார். அதோடு கூட்டம் கலைந்தது.

முடிவான தமிழைத் தாளில் எழுதிக் குழுத் தலைவர் கீழே சுருக்கொப்பம் வைப்பார். தாள் என்னிடம் வரும். நான் தட்டுவேன். சேர் சரிபார்த்து, தனக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லைப் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவார். சுருக்கொப்பம் இல்லாத தாளை நான் தட்டக்கூடாது. அது சட்டம். அந்தச் சட்டத்தைச் சேர் எனக்குச் சொன்ன விதத்தைப் பார்த்தால் கர்ப்பக்கிரகத்துக்குள் போகாதே என்று சொன்ன மாதிரி இருந்தது.

யோகம் எங்களிடம் படிக்க வந்தது அந்த நல்ல காலத்தில். புருசன் இன்னொருத்தியோடு மகாவலிக் குடியேற்றப் பக்கம் போய்விட்டான். “அவர் வேற பொதிக்கு மாறிட்டார் மாமி” என்று அவளே பகிடி சொல்லுவாள். இறால் வாடியில், இறாலைத் துப்புரவாக்கி ஐஸில் போடுகிற கொட்டிலில், தலை கிள்ளுகிற வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீருக்குள் கை. விரல் இடுக்குகள் வெடித்து, இறால் முள் குத்தி, சோற்றில் உப்புப் போட்டால் கத்துவாள். தமிழ் நன்றாக வாசிப்பாள். ஆங்கிலத்தில் தன் பெயரின் முதல் எழுத்து மட்டும் தெரியும்.

பொதி தமிழில் இருந்ததால் யோகம் படித்தாள். அவ்வளவுதான் விசயம். கணக்குத் தாளைத் திறந்தால் திரையில் ஒரு பெட்டி வந்து அவளிடம் தமிழில் கேட்கும், அவள் வாசித்துப் பதில் சொல்லுவாள். ஆறு மாதத்தில் துறையடி மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதுகிற எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. விடிய வள்ளங்கள் வர, எந்த வள்ளம் எவ்வளவு இறால், எவ்வளவு நண்டு என்று நிறுத்துப் பதிவாள். கிழமை முடிய வள்ளத்தின்படி பிரித்து அச்சடித்துச் சுவரில் ஒட்டுவாள். முதல் தரம் ஒட்டிய அன்று என்னிடம் ஓடி வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். வெடிப்பெல்லாம் ஆறியிருந்தது. அந்தப் பொதியால் இந்த ஊருக்கு என்ன நன்மை என்று யாராவது கேட்டால் நான் காட்ட வேறொன்றும் இல்லை, அந்த இரண்டு கைகளும்தான்.

இனிக் கெட்டுப்போன விதம்.

அந்த வருசம் புதிய பதிப்பு தமிழில் வந்ததற்குச் சபை கூடியது. காளாஞ்சி கொடுக்கிற நேரம். வழமையாக முதல் தாம்பாளம் வட்டைக் குழுவின் தலைவர் நல்லதம்பி மாஸ்டருக்கு. ஓய்வு பெற்ற ஆங்கில வாத்தியார், கணக்குத் தாளின் தமிழில் பாதி அவர் வாயில் இருந்து வந்தது. அன்றைக்கு அவர் வந்த பஸ் பிந்திவிட்டது. நேரம் போகிறது என்று சேர் முதல் தாம்பாளத்தைத் துறைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டாவதைக் கொடுக்கிற நேரம் மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். பார்த்தார். தாம்பாளத்தை வாங்கினார், சிரித்தார், போனார்.

அடுத்த ஞாயிறு வட்டைக் குழுவில் ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

கணினிக்குள் இதனால் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் அந்தப் பொதியை இடைவிடாமல் திருத்திக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் மாறினாலும் போதும், இங்கே அதற்கு எழுதிய தமிழ் உதிர்ந்துவிடும். அந்த இடத்தில் ஆங்கிலம் வந்து குந்திக்கொள்ளும். திரும்ப ஒருவர் எழுதினால்தான் தமிழ் வரும். மற்ற இரண்டு குழுவும் தங்கள் பங்கைத் துப்புரவாக வைத்திருந்தார்கள். கணக்குத் தாள் மட்டும் பதிப்புக்குப் பதிப்பு உதிர்ந்துகொண்டு வந்தது. பழைய கணினிகளில் பழைய பதிப்பு இருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை.

பிறகு மாரி வெள்ளம் வந்தது. வாவி நிரம்பி நிலையத்துக்குள்ளும் சங்கத்துக்குள்ளும் தண்ணீர். கணினிகள் போயின. பழைய பதிப்பு இருந்த குறுந்தட்டுகளும் சேற்றோடு போயின. யாரோ புண்ணியவான்கள் புதிய கணினிகள் கொடுத்தார்கள், புதிய பதிப்போடு. பழையதைத் தேடி எடுத்து ஏற்றலாமே என்று கேட்டோம். புதிய கணினி பழையதை ஏற்காது என்றார் சேர். உண்மையோ, பின்னால் போக விரும்பவில்லையோ, எனக்குத் தெரியாது.

யோகம் என்னைக் கூப்பிட்டாள். சங்கத்துக்குப் போனேன்.

“மாமி, இதப் பாருங்க. ஒரு வரி தமிழ், ஒரு வரி இங்கிலீசு. ஆரோ எலி அரிச்ச மாதிரி இருக்கு.”

“பழகினதுதானேகா, இடத்தப் பாத்து அழுத்தன்.”

“இடமும் மாறியிருக்கு மாமி.”

நான் சொன்னதைத்தான் அவள் பிறகு செய்தாள், வேறு வழி இருக்கவில்லை. முந்தி கணக்குத் தாளை மூடும்போது ஒரு சின்னப் பெட்டி வந்து, ‘மாற்றங்களை வைத்துக்கொள்ளவா, விட்டுவிடவா?’ என்று கேட்கும். மாஸ்டரின் தமிழ் அது, நான் தட்டியது. இப்போது அதே பெட்டி ஆங்கிலத்தில் கேட்டது. பொத்தான்களும் இடம் மாறி இருந்தன. யோகம் பழைய இடத்தில் அழுத்தினாள். அந்தக் கிழமை வந்த இறாலும் நண்டும் கணினிக்குள் இல்லாமல் போயின.

சங்கத் தலைவருக்கு ஒரு மருமகள் இருந்தாள். கொழும்பில் படித்தவள், ஆங்கிலம் தெரிந்தவள், வேலை இல்லாமல் இருந்தவள். வள்ளக்காரர்கள் தங்கள் ஒரு கிழமைப் பாடு எங்கே என்று சத்தம் போட்டதும் தலைவர், “பொதுக்கூட்டத்தில ஒரு முடிவு எடுப்பம்” என்றார். பொதுக்கூட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அதற்குள் கணக்குத் தாள் தமிழுக்குத் திரும்பினால் யோகம் தப்புவாள். இல்லாவிட்டால் திரும்பவும் ஐஸ் தண்ணீர்.

நான் பஸ் ஏறி மாஸ்டரைத் தேடிப் போனேன். அறுவடை நேரம். வெட்டுகிற மெசின் வயலுக்குள் ஓட, மாஸ்டர் வரம்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஆ, பூமணி! ஆர் அனுப்பின?”

“பஸ்காரன்தான். இந்தா மாஸ்டர்ட வட்டை, இறங்கு எண்டான்.”

“வாய்க்குக் குறைவில்ல. என்ன விசயம்?”

“கணக்குத் தாள் முழுக்க இங்கிலீசாப் போயிட்டு. ஒருக்கா ஆக்களக் கூட்டி இருந்தீங்களெண்டா...”

“நாங்க செய்யமாட்டமெண்டு சொல்லல்லையே. சேர் வந்து கேக்கட்டும்.”

“அவர் வரமாட்டார்.”

“அப்ப அவருக்குத் தேவையில்ல போல.”

“தேவை அவருக்கில்ல மாஸ்டர். யோகத்துக்கு. கூட்டத்தில அவளத் தூக்கப்போறாங்க.”

“பாவம்தான்” என்றார். உண்மையாகவே முகம் வாடியது. “ஆனா பூமணி, தாம்பாளம் எனக்கில்ல, எங்கட குழுவுக்கு. நான் எண்டா விட்டிருவன். குழு விடுமா?”

குழு என்றால் யார் என்று எனக்குத் தெரியும். அவரும் அவருடைய இரண்டு மச்சான்மாரும்.

“சரி, நீங்க மினக்கெட வேணாம். நசீமா எழுதித் தாறனெண்டு நிக்கிறா. நீங்க ஒப்பத்த மட்டும் போட்டு விடுங்க.”

நசீமா நெசவுக் குழுவின் தலைவி. மாஸ்டர் குடையை மடக்கினார்.

“எங்கட பங்கில அவங்களா? ஏன், நாங்க என்ன செத்தா போயிட்டம்?”

“சாகல்ல மாஸ்டர். செத்திருந்தா பங்கு உங்கட மகனுக்கு வந்து, அவன் ஒப்பம் போட்டிருப்பான்.”

அதற்கும் சிரித்தார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சிரித்து, “இந்தா, புதுசு” என்று ஒரு பை அரிசி வேறு தந்து அனுப்பினார்.

திரும்பி வர, நசீமா நிலைய வாசலில் தாள்களோடு நின்றாள். அவளும் அவளுடைய குழுவும் கணக்குத் தாளில் உதிர்ந்த அத்தனை வரிக்கும் தமிழ் எழுதி முடித்திருந்தார்கள்.

“ஆரும் கேக்கல்லதான் பூமணியக்கா. ஆனா அந்தப் புள்ளட மொகத்தப் பாத்தா சும்மா இரிக்க ஏலாமப் போச்சி. எங்கிட பேரு ஒண்டும் போட வேணாம். அனுப்பினாக் காணும்.”

தாள்களைச் சேரின் மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்தார். கடைசித் தாளின் அடியைப் பார்த்தார்.

“ஒப்பம் இல்லையே பூமணி.”

“இல்ல சேர். ஆனாத் தமிழ் இருக்கு.”

“தமிழ் நல்லாத்தான் இருக்கு. முறை இல்லையே.”

“சேர், நீங்க ஒரு எட்டு மாஸ்டர்ட்டப் போய் வந்தா என்ன?”

“நான் போனா மற்ற ரெண்டு குழுவும் என்ன நினைக்கும்? கோவிச்சாத்தான் சேர் வீட்ட வருவார் எண்டு நினைக்காதா?”

“அப்ப இதையே அனுப்புங்க.”

“இண்டைக்கு இதை விட்டா நாளைக்கு ஆரும் ஆர்ட பங்கிலயும் கை வைப்பான். பங்கு இருக்கிறதாலதானே இவங்க வாறாங்க. அது போனா மூணு குழுவும் போயிடும். பிறகு பொதியில ஒரு சொல்லும் தமிழ் இருக்காது. ஒரு ஆளுக்காக முழுப் பொதியையும் கெடுக்கச் சொல்றியா?”

தாள்களை என் பக்கம் இழுத்து அடுக்கினேன். அவர் சொன்னதில் பாதி சரி. பங்கு கொடுத்திருக்காவிட்டால் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு சாமானை, இது உன்னுடையது, மற்றவன் தொடமாட்டான் என்று சொன்னால்தான் எங்கள் ஆட்கள் தூக்குவார்கள். அப்படித் தூக்கியவன் கீழே வைத்துவிட்டுப் போனால் அது அப்படியே கிடக்கும், மற்றவன் காலால் விலத்திக்கொண்டு போவான்.

“அவளுக்கு வேலை போகப்போகுது சேர்.”

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“பாப்பம்.”

களவாக அனுப்பியிருக்கலாமே என்று துஷாந்தி கேட்கிறாள். கடவுச்சொல் சேரின் மண்டைக்குள் இருந்தது மகளே, மண்டையைத் திறக்கிற பொத்தானுக்கு ஒரு மொழியிலும் பெயர் வைக்கவில்லை.

முடிந்ததைச் செய்தேன். நசீமாவின் தாள்களைப் பார்த்து, எந்த ஆங்கிலத்துக்கு எந்தத் தமிழ் என்று பெரிய எழுத்தில் அடித்து, யோகத்தின் மேசைக்கு மேல் சுவரில் ஒட்டினேன். அவள் கணினியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு வேலை செய்தாள். கழுத்து நோகும். ஆனாலும் பிழையில்லாமல் செய்தாள். தலைவர் வந்து பார்த்தார். “இதென்ன, சங்கமா, கோயில் அறிவித்தல் பலகையா? வெளி ஆக்கள் வந்தா வெக்கம்” என்று கிழிப்பித்தார்.

பொதுக்கூட்டத்துக்கு நானும் போய்ப் பின் வாங்கில், கடைசி வரிசையில், இருந்தேன். தலைவர் எழும்பினார்.

“யோகத்தில ஒரு குறையும் இல்ல. நல்ல பிள்ள. ஆனாக் காலம் மாறிட்டு. இங்கிலீசு தெரிஞ்ச ஆள் வேணும்.”

“இறால் நிறுக்கிறதுக்கு இங்கிலீசு என்னத்துக்கு?” என்று கந்தன் கத்தினார். “எங்கட வாவி இறால் இங்கிலீசா கதைக்குது?”

சனம் சிரித்தது. ஒரு நிமிசம் யோகத்தின் பக்கம் காற்றடித்த மாதிரி இருந்தது. அப்போது முன் வாங்கில் இருந்த ஒருவர், “அது சரி, எண்ட ஒரு கிழமை இறால் எங்க?” என்றார். சிரிப்பு நின்றது.

யோகம் எழும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“பெட்டி ஒரு கேள்வி கேட்டுது. எனக்கு விளங்கல்ல. விளங்காத கேள்விக்கு நான் ஓம் எண்டுட்டன். வேற ஒண்டும் நடக்கல்ல.”

சொல்லிவிட்டு இருந்தாள். கை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினார்கள். அடுத்த திங்கட்கிழமை தலைவரின் மருமகள் அந்த மேசையில் இருந்தாள். யோகம் இறால் வாடிக்குப் போனாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் கொஞ்சம் நல்ல கிழவியாக இருந்திருப்பேன்.

ஒரு மாதம் போக, நிலையத்துக்குப் பணம் கொடுத்த வெளிநாட்டு ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. பொதி முழுவதும் தமிழில் இருப்பதைக் காட்ட வேண்டும். யோகத்துக்காக அசையாத சேர் அன்றைக்கே வட்டைக்குப் போனார். யோகத்துக்காக அசையாத மாஸ்டர் அன்றைக்கே வாசலுக்கு வந்து கூட்டிப் போனார். தேத்தண்ணீர் குடித்தார்கள். பழைய கதை கதைத்தார்கள். இனி மூன்று தாம்பாளத்தையும் மூன்று பேர் ஒரே நேரத்தில் கொடுப்பது என்று முடிவானது. அறிவுள்ளவர்கள்.

புதிதாக ஒன்றும் எழுதக்கூட நேரமில்லை. மாஸ்டர் நிலையத்துக்கு வந்து, என் மேசையில் கிடந்த நசீமாவின் தாள்களை எடுத்து, ஒரு சொல்லும் மாற்றாமல், ஒவ்வொன்றின் அடியிலும் சுருக்கொப்பம் போட்டார். “நல்லாச் செய்திருக்கிறாங்க” என்றார். நான் ஒரு பின்னேரத்துக்குள் தட்டி முடித்தேன். சேர் அனுப்பினார். கணக்குத் தாள் முழுவதும் தமிழானது. அவ்வளவு சின்ன வேலை.

விழாவில் பொதியை இயக்கிக் காட்ட ஒரு ஆள் வேண்டுமாம். “யோகத்தக் கூப்பிடுவம், அவதான் கெட்டிக்காரி” என்றார் சேர். யாராவது அவளை இழுத்து வந்திருந்தால் நான் மறித்திருப்பேன். ஆனால் யோகம் தானே வந்தாள். வாடியில் அரை நாள் லீவு கேட்டு, தலைக்கு முழுகி, இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

சுவரில் கணக்குத் தாள் பெரிதாகத் தெரிந்தது. யோகம் வள்ளங்களின் பெயரைப் போட்டாள், இறால் நிறையைப் போட்டாள், பிரித்தாள், கூட்டினாள். ஒரு இடத்திலும் தடக்கவில்லை. மூடப்போகும்போது அந்தச் சின்னப் பெட்டி வந்து தமிழில் கேட்டது. அவள் சத்தமாக வாசித்தாள்: “மாற்றங்களை வைத்துக்கொள்ளவா, விட்டுவிடவா?” சபை கை தட்டியது. மாஸ்டருக்குக் கண் கலங்கியது. அவர் எழுதிய தமிழ் அல்லவா, நசீமா அந்த வரியை மாற்றாமல் அப்படியே திரும்ப எழுதியிருந்தாள்.

வந்திருந்த வெள்ளைக்காரப் பெண் ஏதோ கேட்டாள். சேர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அந்தப் பெண் யோகத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். யோகம் சிரித்துத் தலையாட்டினாள்.

“என்ன கேட்டவ?” என்று நசீமாவிடம் கேட்டேன்.

“இத வெச்சி நீங்க எங்க வேல செய்றீங்கண்டு கேட்டா.”

“சேர் என்ன சொன்னார்?”

நசீமா என்னைப் பார்க்காமல் சொன்னாள். “மீனவர் சங்கத்திலண்டு.”

அதன் பிறகும் நான் அங்கே சில வருசம் வேலை செய்தேன். சம்பளம் வேண்டும், வேறு எங்கே போக? சேர் காலமானார். மாஸ்டர் மகனோடு கனடா போனார், கணக்குத் தாளின் பங்கையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனார் போல, அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. நசீமா மட்டும் தன் பங்கைக் கடைசி வரை செய்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நிலையம் பூட்டு.

வெளிநாட்டுச் சண்டையை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துச் சேர்க்கிறாளாம் துஷாந்தி. என்னிடமும் கேட்டாள். வைத்தேன், அவளுடைய மனதை முறிக்கக் கூடாது. ஆனால் மகளே, அங்கே யார் பிரிகிறார்கள், யார் பெரியவர் என்று நீ கைபேசியில் தேடுகிற நேரத்தில் ஒன்றை மட்டும் தேடிப் பார். அந்தச் சண்டையில் உள்ள ஆட்களில் யாருக்காவது இந்தப் பொதி போனால் சோறு போகுமா? போகாது. அவர்கள் கெட்டிக்காரர்கள், வேறொன்று ஆக்கிக்கொள்வார்கள். சோறு போகிற ஆட்களின் பெயர் அந்தச் சண்டையில் ஒரு பக்கத்திலும் இருக்காது.

நேற்று முன்தினம் சந்தைக்குப் போன பஸ்ஸில் யோகம் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். வாடி வேலை முடிந்து வருகிறாள், சேலையெல்லாம் இறால் வாசம். தலை நரைத்துவிட்டது. பேரப்பிள்ளை பிறந்ததைச் சொன்னாள். நானும் கதைக்கு ஒரு கதையாகச் சொன்னேன்.

“தெரியுமாகா, அந்தக் கணினிப் பொதி நிக்கப்போகுதாம்.”

“எது மாமி?”

“நீ கணக்குப் போட்டது. தமிழில கேக்குமே, அது.”

யோகம் யன்னலுக்கு வெளியே வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகிடிக்கு ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

“அது அப்பவே நிண்டிட்டுதே மாமி” என்றாள்.

இறங்கும் இடம் வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.